வேம்பு பூத்த தெருவும் காப்பி பூத்த சரிவும்

பங்குனி பாதி கடந்துவிட்டால் போடிநாயக்கனூரில் இரண்டு வெள்ளைப் பூக்களின் காலம் ஒன்றாக நடக்கும். ஒன்று ஊருக்குள். விடியற்காலையில் வேப்பமரத்தடியில் தரை தெரியாமல் உதிர்ந்து கிடக்கும் வேப்பம்பூ. மற்றொன்று மேலே, குரங்கணி, கொட்டகுடி, அகமலைப் பக்கத்துச் சரிவுகளில். ஒரு நல்ல மழை விழுந்த ஒன்பதாம் பத்தாம் நாளில் காப்பிச் செடியின் கிளைகள் கணுவுக்குக் கணு வெண்மையாகிவிடும். மல்லிகையை ஒத்த மணம் பாதை வரைக்கும் வரும். ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்துவிடுகிறோம். இந்த ஆயிரம் மீட்டருக்குள் வேம்பு, மா, இலவம், காப்பி, ஏலம் எல்லாம் அடுத்தடுத்துப் பூத்துக் காய்க்கின்றன.

இதே வாரங்களில் ஜப்பானில் செர்ரி பூக்கிறது. மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து பூப்பார்க்கும் அந்த மக்கள், பூவையும் இலையையும் தின்கிறார்கள், குடிக்கவும் செய்கிறார்கள். நம் ஊரிலும் அப்படித்தான். வேப்பம்பூவை ரசமாகவும் பச்சடியாகவும் உண்கிறோம். பூப்பார்க்கக் கூட்டம் சேர்வதென்றால் நம் மலையில் அது 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சிக்குத்தான். 2018-இல் பூத்தது, இனி 2030. ஆனால் ஆண்டு தவறாமல் இலையில் வந்து விழும் பூ வேம்பு. இந்த இரண்டு ஊர்களின் பூக்கால உணவையும் வேதியியல் கண்ணோடு பார்த்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தெரிகிறது. நாம் ரசிக்கும் மணமும் சுவையும் உயிரோடு இருக்கும் பூவிலும் இலையிலும் பெரும்பாலும் அதே வடிவில் இருப்பதில்லை. உப்போ, வெயிலோ, நெய்யோ, நெருப்போ பட்ட பிறகுதான் அவை உருவாகின்றன.

செர்ரி இலையே இதற்கு நல்ல சாட்சி. பூக்காலத்தில் ஜப்பான் முழுக்க விற்கும் பலகாரம் சகுராமோச்சி. அரிசி மாவிலோ கோதுமை மாவிலோ செய்த இளஞ்சிவப்பு உறைக்குள், நம் கொழுக்கட்டைப் பூரணம் போலச் சிவப்புப் பயற்று இனிப்பை வைத்து, உப்பில் ஊறிய செர்ரி இலையில் சுற்றித் தருவார்கள். டோக்கியோவில் சுமிதா ஆற்றங்கரையில் உள்ள சோமெய்ஜி கோயிலின் வாயிற்காவலர் ஒருவர், உதிர்ந்து குவியும் இலைகளை என்ன செய்வது என்று யோசித்து 1717-இல் இதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று இந்த இலைகளில் பெரும்பகுதி இசு தீபகற்பத்தில் உள்ள மத்சுசாகி என்ற சிற்றூரிலிருந்து வருகிறது. பூவுக்காக வளர்க்கும் மரம் வேறு, இலைக்காக வளர்க்கும் மரம் வேறு. இலைக்கு ஓஷிமா செர்ரி. அதன் இலை அகலமானது, மென்மையானது, மேற்பரப்பில் பூமயிர் குறைந்தது. இலைகளைப் பறித்துக் கட்டுக்கட்டாகக் கட்டி, பெரிய மரத்தொட்டிகளில் உப்போடு அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, அரை ஆண்டு அளவுக்கு விட்டுவிடுகிறார்கள்.

பச்சை இலையை மரத்திலிருந்து கிள்ளி முகர்ந்தால் சாதாரண இலை வாசம்தான் வரும். தொட்டியிலிருந்து எடுத்த இலையில் வெயிலில் காயும் புல்லின் மணமும் வெண்ணிலாவின் சாயலும் கலந்த ஓர் இனிய வாசம். அந்த வாசத்தைத் தரும் பொருள் கூமரின். உயிருள்ள இலை கூமரினை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அதன் முன்வடிவத்தை ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு பிணைத்து, செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழியில் பூட்டி வைக்கிறது. பிணைப்பை வெட்டும் பீட்டா-குளுக்கோசிடேஸ் என்ற நொதி வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டும் சந்திக்காதவரை மணம் இல்லை. உப்பு செல்லிலிருந்து நீரை உறிஞ்சுகிறது, சவ்வுகள் கிழிகின்றன, நொதியும் முன்பொருளும் கலக்கின்றன. குளுக்கோஸ் கழன்று விழுகிறது. மிச்சமான மூலக்கூறு தானாகவே வளைந்து வளையமாக மூடிக் கூமரின் ஆகிறது. புழுவோ ஆடுமாடோ இலையைக் கடித்தாலும் இதே நிகழ்ச்சிதான். செடிக்கு அது தற்காப்பு. மனிதர்கள் அந்தத் தற்காப்பைப் பலகாரத்தின் வாசனையாக்கிக்கொண்டார்கள்.

கூமரின் நமக்கு அன்னியமும் அல்ல. கடையில் 'பட்டை' என்று வாங்கும் தடித்த சுருள்களில் பெரும்பாலானவை கேசியா. அதில் கூமரின் கணிசமாக உண்டு. இலங்கையின் மெல்லிய இலவங்கப்பட்டையில் மிகச் சொற்பம். அதிக அளவில் நாள்தோறும் சென்றால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை போதும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. பிரியாணிக்குப் போடும் ஒரு துண்டுப் பட்டை பற்றிய கவலை அல்ல இது. பட்டைப் பொடியைக் கரண்டி கரண்டியாக மருந்தென்று தின்பவர்களுக்கான எச்சரிக்கை.

இந்த மூலக்கூறுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது, விடக்கூடாத கதை. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளிகளிலும் மாடுகள் சிறு காயத்துக்கே இரத்தம் உறையாமல் செத்தன. அவை தின்றது பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்ற தீவனச்செடி. அந்தச் செடியில் கூமரின் உண்டு. கூமரின் இரத்தத்தை இளக்குவதில்லை. ஆனால் பூஞ்சணம் அதை டைகூமரால் என்ற வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. அதுதான் இரத்தம் உறைவதைத் தடுத்தது. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு 1940-இல் அதை அடையாளம் கண்டது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, பிறகு இதய நோயாளிகளின் மாத்திரையானது. இன்றைக்கும் செயற்கை வால்வு பொருத்திக்கொண்ட எத்தனையோ பேர் அந்த மாத்திரையை விழுங்குகிறார்கள்.

இனி நம் வேம்புக்கு வரலாம்.

மாசியில் இலை உதிர்த்து, பங்குனியில் செந்தளிரும் பூவுமாக ஒன்றாக வெளிவரும் மரம் இது. இலைக்கணுக்களிலிருந்து தொங்கும் கொத்து ஒரு சாண் நீளம் வரை வளரும். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட பூக்கள் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். ஐந்து இதழ், நடுவில் மகரந்தத் தாள்கள் ஒன்றாக ஒட்டிய ஒரு சிறு குழல், பத்து மகரந்தப் பைகள். மரத்தில் இருக்கும்போது தேன் வாசம். வாயில் போட்டால் முதலில் லேசான இனிப்பு, பிறகுதான் கசப்பு.

சேகரிக்கும் முறை எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்து, பழைய வேட்டியையோ சேலையையோ இரவில் விரித்து வைப்பார்கள். விடிந்ததும் சுருட்டி எடுத்து, முறத்தில் புடைத்துக் காம்பையும் சருகையும் எறும்பையும் நீக்கி, மொட்டை மாடியில் உலர்த்துவார்கள். இரண்டு மூன்று வெயிலில் வெள்ளை போய்த் தேயிலைத் தூள் நிறம் வந்துவிடும். கையில் எடுத்தால் நொறுங்கும். ஒரு முறம் நிறைந்த பூ ஒரு சின்ன டப்பாவுக்குள் அடங்கிவிடும். சில வீடுகளில் மோர் மிளகாய்க்குச் செய்வது போலவே உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து உலர்த்துவதும் உண்டு.

போடியில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு யுகாதிப் பச்சடியில் வேப்பம்பூ வேண்டும். தமிழ் பேசும் வீடுகளுக்குச் சித்திரை முதல் நாள் வேண்டும். சில வாரங்களுக்குள் ஒரே தெருவில் இரண்டு முறை அதே பூ அடுப்பேறுகிறது. மாங்காய், வெல்லம், உப்பு, மிளகாய், புளி, வேப்பம்பூ என்று அறுசுவையும் ஒரு கிண்ணத்தில் சேர்ப்பதை வாழ்க்கைத் தத்துவமாகச் சொல்லிக் கேட்டிருப்போம். அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது அந்தக் கிண்ணத்துக்குள் நடக்கும் வேலைதான்.

வேம்பின் கசப்புக்குப் பெரும்பாலும் காரணம் லிமோனாய்டுகள் என்ற பெரிய மூலக்கூறுக் குடும்பம். 1942-இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டியதிலிருந்து இந்த ஆராய்ச்சி தொடங்குகிறது. மனித நாக்கில் கசப்பை அறிய மட்டும் சுமார் 25 வகை ஏற்பிகள் உள்ளன. நச்சுச் செடிகளை அடையாளம் காண்பதற்காகப் பரிணாமம் தந்த கருவிகள் அவை. குழந்தைகள் கசப்பைத் துப்புவது பிடிவாதத்தால் அல்ல. உடல் தன் காவல் வேலையைச் செய்கிறது.

அந்தக் காவலை எப்படிச் சமாதானப்படுத்துவது? 1997-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் பிரெஸ்லினும் போசாம்பும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கசப்பான ஒரு பொருளும் சர்க்கரையும் கலந்த நீரில் சோடிய உப்பு ஒன்றைச் சேர்த்துப் பருகச் செய்தார்கள். உப்பு சேர்ந்ததும் கசப்பு இறங்கியது. அதோடு, கசப்பால் அமுங்கிக் கிடந்த இனிப்பும் மேலே வந்தது. கசப்பு, இனிப்பு, உப்பு என்ற அந்த மூன்றும் பச்சடிக் கிண்ணத்தில் அப்படியே இருக்கின்றன. வெல்லத்தை மேலும் மேலும் கொட்டுவதைவிட ஒரு சிட்டிகை உப்பு அதிக வேலை செய்யும் என்பதைப் பாட்டிமார் அளவு பார்த்தே கண்டுபிடித்திருந்தார்கள்.

நெய்யின் வேலை வேறு. வேப்பம்பூ ரசம் வைக்கத் தெரிந்தவர்கள் பூவைப் புளித்தண்ணீரோடு கொதிக்க விடமாட்டார்கள். கொதிக்கவிட்டால் ரசம் முழுக்கக் கைத்துப்போகும். ரசத்தை நுரை கட்ட இறக்கி வைத்துவிட்டு, தனியே நெய்யில் பூவைப் போட்டு, சிறு தீயில், காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்வரை வறுத்துக் கடைசியில் சேர்ப்பார்கள். லிமோனாய்டுகள் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. நெய்யில் தங்கிவிட்ட கசப்பு உமிழ்நீருக்கு வருவது குறைவு, ஆகவே நாக்குக்கும் எட்டுவது குறைவு. பூவில் மிச்சமிருக்கும் தேன்சர்க்கரையும் புரதமும் அந்தச் சூட்டில் வினைபுரிந்து வறுத்த மணத்தைத் தருகின்றன. மரத்திலிருந்த பூவின் தேன் வாசம் காயும்போதே போய்விட்டிருக்கும். நாம் ரசிப்பது வாணலியில் உருவான வேறொரு வாசம். பத்து விநாடி கவனம் தவறினால் பூ கருகிவிடும். கருகிய பூவின் கசப்பை உப்பாலும் சரிசெய்ய முடியாது.

ஜப்பானியர்கள் செர்ரிப் பூவையும் உப்பில்தான் போடுகிறார்கள். அடுக்கிதழ்ச் செர்ரிப் பூக்களைக் காம்போடு பறித்து, உப்பிலும் உமே பழத்தின் புளிநீரிலும் ஊறவைத்து உலர்த்துவார்கள். அந்தப் புளிப்பு இதழின் நிறமியை இளஞ்சிவப்பாகவே நிறுத்தி வைக்கிறது. கல்யாண வீட்டில் ஒரு பூவை வெந்நீரில் இட்டுக் கொடுப்பார்கள். இதழ்கள் கோப்பைக்குள் விரியும். கலங்கலான தேநீர் நல்ல காரியத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் வந்த வழக்கம் இது.

மரங்கள் பூக்கும் நாளை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதிலும் போடி மலைக்கும் ஜப்பானுக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. செர்ரி மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி உறங்கிவிடும். குளிர்காலத்தில் போதுமான நாள் குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும். அதன் பிறகு வெதுவெதுப்பு வந்தால் பூக்கும். தென் ஜப்பானில் குளிர்காலம் மிகவும் மிதமாக இருந்துவிட்டால், பூ சீக்கிரம் வருவதற்குப் பதிலாகத் தாமதமாகும். காப்பிக்கு வேண்டியது தாகம். மழைக்காலம் முடிந்து உருவாகும் மொட்டுகள் தை, மாசி வறட்சியில் சில மில்லிமீட்டர் நீளத்தோடு நின்றுவிடும். நாள்தோறும் நீர் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் அவை நன்றாகப் பூக்காது என்று 1960-இல் பாலோ அல்விம் என்ற பிரேசில் அறிவியலாளர் காட்டினார். முதலில் வாட வேண்டும், பிறகு நனைய வேண்டும்.

அந்த நனைப்பைத்தான் தோட்டத்தில் பூமழை என்கிறார்கள். மாசிக் கடைசியிலிருந்து சித்திரைக்குள் ஒரு நாள் இடி இடித்து ஓர் அங்குலம் பெய்ய வேண்டும். பழைய எஸ்டேட் கணக்கில் அங்குலத்துக்கு நூறு சென்ட். "நேத்து எத்தனை சென்ட்?" என்று கேட்டால் நிலத்தைப் பற்றியல்ல, மழையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பொருள். போதிய மழை விழுந்ததும் மொட்டுகள் நீர் உறிஞ்சிச் சில நாளில் பல மடங்கு நீள்கின்றன. எட்டு முதல் பத்து நாளில் அரபிக்காத் தோட்டம் முழுவதும் ஒரே காலையில் விரிந்து, இரண்டு மூன்று நாளில் பழுப்பாகிவிடும். மழை போதாமல் போனால் மொட்டு பாதியில் நின்று, பச்சையும் வெளுப்புமாகக் குறுகிய நட்சத்திரப் பூவாகி வீணாகும். பூத்த பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வந்து பிஞ்சைத் தாங்க வேண்டும். அடுத்த மார்கழியில் பழம் பறிக்கக் கூலி கொடுக்க முடியுமா என்பது இந்த இரண்டு மழைகளைப் பொறுத்தது.

அந்த இரண்டு மூன்று நாளில் தேனீக்களின் இரைச்சல் தோட்டத்துக்குள் பேச்சை மறைக்கும். அரபிக்கா தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. ஆனாலும் பனாமாவில் டேவிட் ரூபிக் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தேனீ வந்த கிளைகள் ஐம்பது விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாக விளைச்சல் தந்தன. காப்பிப் பூவின் தேனில் நுண்ணளவில் காஃபீன் இருக்கிறது, தேனீக்குக் கசப்புத் தெரியாத அளவுக்கு. ஜெரால்டின் ரைட் தலைமையிலான குழு 2013-இல் ஒரு சோதனை செய்தது. வெறும் சர்க்கரை நீர் குடித்த தேனீக்களைவிடக் காஃபீன் கலந்த நீர் குடித்தவற்றில் மூன்று மடங்குத் தேனீக்கள் அந்தப் பூமணத்தை மறுநாளும் நினைவில் வைத்திருந்தன. விடிந்ததும் ஒரு டம்ளர் காப்பி இல்லாமல் வேலை ஓடாது என்பவர்கள் தங்கள் பட்டியலில் தேனீயையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பூக்கும் காலமும் தீப்பிடிக்கும் காலமும் இந்த மலையில் ஒன்றே. காப்பி மொட்டு தாகத்தோடு காத்திருக்கும் அதே மாதத்தில் புல்வெளிகள் காய்ந்து கிடக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூமழை ஒரு வாரம் தள்ளிப்போனால் தோட்டக்காரருக்கு மட்டுமல்ல, காட்டுக்கும் அது ஆபத்து. 2024 கோடையில் மழை ஏமாற்றியபோது எல்லைக்கு அப்பால் இடுக்கியில் ஏலச்செடிகள் காய்ந்து சாய்ந்தன. அதன் அதிர்ச்சி போடி ஏலக்காய்ச் சந்தை வரை வந்தது.

ஜப்பானில் கியோத்தோ நகரத்தின் செர்ரி பூத்த நாட்களை அரசவைக் குறிப்புகளிலிருந்தும் நாட்குறிப்புகளிலிருந்தும் திரட்டி, கி.பி. 812 வரை பின்னோக்கிப் போகும் பட்டியல் ஒன்றை யசுயுகி அவோனோ தொகுத்தார். விருந்து வைத்த தேதியை யாரோ எழுதி வைத்ததால் கிடைத்த அறிவியல் அது. 2021-இல் முழுப்பூப்பு மார்ச் 26-ஆம் தேதி வந்தது. அதுவரை அந்த நெடும்பட்டியலில் அவ்வளவு முந்திய தேதி வேறில்லை. நம் எஸ்டேட்டுகளில் மழைக் கணக்குப் புத்தகம் தலைமுறைகளாக எழுதப்படுகிறது. அதன் பக்கத்தில் பூத்த நாளையும் எழுதி வைத்த தோட்டங்கள் இருந்தால் அவை பெரும் செல்வம். வேம்பு, மா, கொன்றை போன்ற தெருமரங்கள் பூப்பதைப் பள்ளிக்குழந்தைகளையும் பொதுமக்களையும் கொண்டு பதிவு செய்யும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இந்தியாவில் நடக்கிறது. போடியின் ஒவ்வொரு பள்ளியும் வாசலில் நிற்கும் வேம்பை அதில் சேர்க்க வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்வேன். பணம் எதுவும் தேவையில்லை. வாரத்துக்கு ஒருமுறை மரத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

பூக்காலத்தின் குடிநீர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சித்திரையில் தேனியை அடுத்த வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா. வேப்பிலையும் அக்னிச் சட்டியுமாக வரும் கூட்டத்துக்கு வழியெங்கும் நீர்மோரும் பானகமும் தருவார்கள். பானகத்தில் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். இஞ்சி போடாமல் ஏன் சுக்கு? பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். அது காயும்போது ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது, காரம் கூடுகிறது. செர்ரி இலைக்கு உப்பு செய்ததை இஞ்சிக்கு வெயில் செய்கிறது. ஏலக்காய்க்கும் வெப்பம் வேண்டும். பறித்த பச்சைக்காயை ஏல ஸ்டோரில் சுமார் 45 முதல் 50 டிகிரிச் சூட்டில் ஒரு நாளுக்கு மேல் உலர்த்துவார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். சூடு மிஞ்சினால் பச்சை நிறம் வெளுக்கும், எண்ணெய் ஆவியாகும், விலையும் இறங்கும். சித்திரையில் ஏலச்செடியின் சரத்தில் புதுப்பூ அப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும். வெள்ளை இதழில் ஊதாக் கோடு, விடியலில் மலர்ந்து அன்றே முடிந்துவிடும் பூ. பானகத்தில் இடிபடுவது போன பருவத்துக் காய்.

ஏலக்காயில் உள்ள சினியோல் நாக்கிலும் தொண்டையிலும் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. சுக்கின் ஷோகால் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. இந்த ஏற்பிகளை அடையாளம் கண்டதற்காகத்தான் டேவிட் ஜூலியஸும், தொடு உணர்வின் ஏற்பிகளையும் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியனும் 2021-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரே மிடறில் குளிர்ச்சியும் சூடும் என்று இரண்டு செய்திகள் மூளைக்குப் போகின்றன. குளிர்ந்தது போன்ற உணர்வால் உடல் வெப்பம் ஒரு டிகிரிகூட இறங்குவதில்லை. சுக்கின் காரம் தூண்டும் வியர்வை காய்ந்தால்தான் தோல் குளிரும். வியர்வையில் போகும் நீருக்கும் உப்புக்கும் ஈடு வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பானக அண்டாவில் வெல்லம் கரைந்த பிறகு ஒரு கை கல்லுப்பும் போடுகிறார்கள்.